எடைக்குப் போகவிருக்கும் நோட்டீஸ்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடி பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை விற்கப்போகிறோம். தாத்தாவின் தகரப் பெட்டி நிறையப் பழைய புத்தகங்கள். கெட்டி அட்டை போட்ட புராணங்களையும் அகராதியையும் நூலகத்துக்குக் கொடுத்துவிடுவோம். மீதியெல்லாம் நாடக நோட்டீஸ்கள், எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள். தொட்டால் ஓரம் உதிர்கிறது. எடைக்குப் போடலாமா? அல்லது நன்றாக இருக்கிற சிலவற்றை மட்டும் லேமினேட் செய்து வைத்துக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டுமே வேண்டாம். நீங்கள் மீதி என்று ஒதுக்கியதுதான் அந்தப் பெட்டியில் அரிய பகுதி.

புராணத்துக்கும் அகராதிக்கும் வேறு பிரதிகள் எங்காவது இருக்கும். வாங்கியவர்களே பைண்டு செய்து பீரோவில் பூட்டி வைத்தார்கள். காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகத்தை யார் அப்படி வைத்தார்கள்? ரயில் விபத்து, வெள்ளம், கொலை வழக்கு, கதர் என்று ஊர் பேசியதெல்லாம் பாட்டாகி, மட்டமான தாளில் அச்சாகி, சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் விற்றது. பாடிப் பாடிக் கிழித்தார்கள். விடுதலைப் போராட்டப் பாட்டுகள் பலவற்றைத் தடைசெய்த ஆங்கில அரசு, பறிமுதல் செய்த பிரதிகளைக் கோப்பில் சேர்த்துவைத்தது. லண்டனுக்குப் போனவை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பாடியவர்களின் வீடுகளில் எத்தனை மிஞ்சின என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சிறு நூல் என்று எதையும் தள்ளிவிட முடியாது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம்தான். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் வார்த்த எழுத்துகளையும் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளையும் ஒன்றாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு தாள் போயிருந்தால் நம் அச்செழுத்தின் தொடக்கக் கதையில் ஒரு பகுதியே போயிருக்கும்.

உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா இதை நன்றாக உணர்ந்தவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் புத்தகங்கள், இதழ்களோடு நாடக நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள். அவை சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. தமிழ் அச்சைப் பற்றி எழுதும் யாரும் அங்கே போகாமல் எழுதிவிட முடியாது.

பெட்டியிலிருந்து ஒரு நாடக நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், ஆர்மோனியம் யார் என்று இருக்கும். கீழே சேர், பெஞ்ச், தரை டிக்கெட் விலை, ‘ஸ்திரீகளுக்குத் தனி இடம்’, அச்சகத்தின் பெயர். அந்த ஊரில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை எந்தப் புராணப் பதிப்பும் சொல்லாது.

லேமினேட் செய்தால் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிடும். பிறகு தாளைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செல்லோ டேப் பசை சில வருடங்களில் பழுப்பேறி எழுத்தில் ஊறும். ஓரத்தை வெட்டிச் சீராக்கவும் வேண்டாம். வெயிலில் காயவைக்காதீர்கள். பெட்டியைச் சுவரையும் தரையையும் ஒட்டாமல் பலகை மேல் வையுங்கள்; கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் ஈரம் படிந்த இடம்தான் வசதி.

தரம் பிரிக்காமல், இருக்கிற வரிசையிலேயே கைப்பேசியில் சில படங்கள் எடுத்து, ஆராய்ச்சி நூலகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதுங்கள். வீட்டை விற்கும் தேதியையும் அதில் சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அகராதியும் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும்.