ஹெச்.எம். டீச்சர் பதில்கள்: எந்த மாவட்டம் ஃபர்ஸ்ட்?

(அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் பள்ளிக்கூடக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில், தேர்ச்சி விகிதம் பற்றிய கேள்விகள்.)

2024 பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் அரியலூர் 97.31 சதவீதத்தோடு முதலிடம். எங்கள் வேலூர் 82.07 சதவீதத்தோடு கடைசி. அரியலூர் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன தனி மூளையா? இல்லை, எங்கள் வாத்தியார்கள்தான் சரியில்லையா?
– வாசகர், குடியாத்தம்

மூளை எல்லா ஊரிலும் ஒரே மூளைதான், ஐயா. வாத்தியார்களும் ஏறக்குறைய அப்படித்தான். இன்று வேலூரில் இருப்பவர் அடுத்த கலந்தாய்வில் அரியலூருக்கு மாறுதல் வாங்கிப் போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019-இல் வேலூரிலிருந்து திருப்பத்தூரையும் ராணிப்பேட்டையையும் தனி மாவட்டங்களாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் பழைய வேலூர் சதவீதத்தையும் இன்றைய சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து, ஏறியது இறங்கியது என்று பேசுவதில் அர்த்தமில்லை. ஊர்ப் பெயர் மட்டும்தான் அதே.

உங்கள் பக்கத்து வீடுகளின் கதை எனக்குத் தெரியும். வடமாவட்டங்களில்தான் வேலை பார்த்தேன். பள்ளி விட்டு வந்ததும் பீடி இலை முறத்தை மடியில் வைத்துக்கொள்ளும் பெண் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். கோடை விடுமுறைக்கு அப்பாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பையன் ஜூனில் வரமாட்டான். ஆகஸ்டில் வந்து நிற்பான், கையில் புது செல்போனோடு. அவனை மறுபடி கணக்குப் புத்தகத்தின் பக்கம் திருப்புவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும்.

ஆனால் இதையே சாக்காகச் சொல்லும் சக ஆசிரியர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். 'ஏழைப் பிள்ளைங்க மேடம், என்ன பண்றது?' என்பார்கள். ராமநாதபுரத்தையும் விருதுநகரையும் என்ன சொல்வது? 2018-இல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று நாடு முழுக்கப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்த்தது இந்த இரண்டைத்தான். அதே ராமநாதபுரம் 2024-இல் 96.36 சதவீதத்தோடு மூன்றாமிடம். விருதுநகரோ வருஷக்கணக்கில் முதலிடத்தை விடாமல் வைத்திருந்த மாவட்டம். அங்கே இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி வாங்கி, அந்தப் பிடியரிசியைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். காமராஜர் படித்ததும் அப்படி நடந்த பள்ளியில்தான். பரீட்சை ரிசல்ட் அங்கே ஊர் மானப் பிரச்சினை.

அரியலூருக்கு இன்னொரு வசதி. 2011 கணக்கெடுப்பில் அங்கே மக்கள்தொகை ஏழரை லட்சம்தான். சிறிய மாவட்டம் என்றால் சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) நினைத்தால் எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தடுமாறுகிறார்கள் என்பதை டிசம்பரிலேயே விரல் விட்டுச் சொல்ல முடியும். சென்னையில் அது நடக்காது.

ஆகவே மாவட்டத்தோடு மாவட்டத்தை மோதவிடாதீர்கள். குடியாத்தத்துப் பள்ளியை, அதே மாதிரி வீடுகளிலிருந்து பிள்ளைகள் வரும் வேறொரு ஊர்ப் பள்ளியோடு ஒப்பிடுங்கள். அங்கே 95, இங்கே 80 என்றால் அப்போது ஹெச்.எம்.மைப் பிடித்துக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

பெண்கள், ஆண்கள் கணக்கையும் தனியாகப் பாருங்கள். 2025 பத்தாம் வகுப்பில் மாணவிகள் 95.88 சதவீதம், மாணவர்கள் 91.74. ரிசல்ட் வந்த பிறகு நடக்கும் மீளாய்வுக் கூட்டங்களில், சதவீதம் குறைந்த பள்ளி ஹெச்.எம்.களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆண்கள் பள்ளி ஹெச்.எம்.கள் பலர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் இருக்கும் மெட்ரிக் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி. அரசுப் பள்ளி 88 சதவீதம். என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். எதில் சேர்ப்பது?
– வாசகி, மதுரை

போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அம்மா. உள்ளே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த வருஷம் பத்தாவது எழுதிய செட், எட்டாவதில் இருந்தபோது எத்தனை பேர்?' எண்பது பேர் இருந்து அறுபது பேர் எழுதியிருந்தால், அந்த நூறு யாருடைய நூறு?

மீதி இருபது பேரை நான் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் ஆபீஸ் ரூம் வாசலில் நிற்பார்கள். அப்பா கையில் டிசி, பையன் கையில் ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு. கணக்கில் 17. 'அங்க சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க டீச்சர்' என்பார் அப்பா. நாங்கள் மாட்டோம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பத்து மாதம் கழித்து அவன் கணக்கில் தவறினால், அது எங்கள் பள்ளி ஃபெயில். அந்தப் பள்ளி வாசலில் நூறு சதவீத ஃபிளெக்ஸ்.

அதற்காக அரசுப் பள்ளி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் யாரையாவது பிடித்தால் உள்ளது உள்ளபடி சொல்வார்கள். பொதுவாக, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-இல் வந்தது. இடையில் ஒரு வருஷம் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்குப் போனாலும் அது கிடையாது. ஆறாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் நிறுத்தினார்கள். மாவட்ட வரிசை மட்டும் எதற்கு?
– வாசகர், நாகர்கோவில்

பேப்பர்காரர்களுக்கு ஏதாவது வேண்டாமா?

தேர்வுக்கே வராதவர்கள் தேர்ச்சி சதவீதத்தில் எந்தப் பக்கம் சேருவார்கள்?
– ஆசிரியர், கள்ளக்குறிச்சி

எந்தப் பக்கமும் இல்லை, தம்பி. அதுதான் இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை. எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் சதவீதம். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. ஊரே பேசியது. மே மாதம் ரிசல்ட் வந்தது: 94.03 சதவீதம். வராதவர்கள் அதில் இல்லை.

அந்த செட்டை நினைத்துப் பாருங்கள். 2021-இல் கொரோனாவால் பரீட்சை எழுதாமலே பத்தாவது ஆல் பாஸ் ஆனவர்கள். பிளஸ் ஒன்னில் பெயர் இருக்கும், ஆள் வேலைக்குப் போயிருப்பான். நாமினல் ரோலிலிருந்து, அதாவது பரீட்சை எழுதப்போகிறவர்கள் பட்டியலிலிருந்து, பெயரை எடுத்தால் இடைநிற்றல் கணக்கில் ஏறும், விட்டால் அப்சென்ட். எந்த ஹெச்.எம்.மும் எடுக்கத் தயங்குவார். நான் மாவட்டங்களை வரிசைப்படுத்துவதாக இருந்தால், மூன்று வருஷம் முன்பு ஒன்பதாவதில் இருந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ தேறினார்கள் என்று போடுவேன். எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் இருக்கிறதே, அப்புறம் என்ன கஷ்டம்?

எங்கள் ஊர்ப் பள்ளி விவரங்களை நாங்களே பார்க்க முடியுமா?
– வாசகி, அறந்தாங்கி

முடியும். ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் எண் என்று 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். யுடைஸ் பிளஸ் தளத்தில் அதைப் போட்டால் வகுப்புவாரியாக எத்தனை ஆண், எத்தனை பெண், ஆசிரியர்கள் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை என்பதெல்லாம் வரும். தேர்ச்சி விவரத்தை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனியாக வெளியிடுகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள்.

2024 பிளஸ் டூவில் 97.45 சதவீதத்தோடு திருப்பூர்தான் முதலிடம். ஆனால் நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். தமிழே இப்போதுதான் கற்கிறார்கள். எங்கள் உழைப்பு எந்தப் பட்டியலில் வரும்?
– ஆசிரியை, திருப்பூர்

இப்போதைக்கு எதிலும் வராது, அம்மா. அந்தப் பிள்ளை மூன்றாவது படிக்கும்போதே அப்பா வேறு கம்பெனிக்கு, வேறு ஊருக்கு மாறிவிடுவார். அவன் பிளஸ் டூ வரை வந்தானா என்பது திருப்பூரின் 97.45-இலும் தெரியாது. அவன் சொந்த ஊர்க் கணக்கிலும் தெரியாது. நீங்கள் ஒன்று செய்யலாம். ஊரை விட்டுப் போகிறோம் என்று சொல்ல வருபவரிடம் எமிஸ் எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். அப்பா செல்போனிலும் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்குள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பிள்ளையை மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காமல் இருக்க அது உதவும்.