நல்ல கார் தேயாமல் இருக்க இன்னொரு பழைய கார் வாங்கலாமா?

கேள்வி: என் வீட்டிலிருந்து அலுவலகம் 22 கிலோமீட்டர். வழியெல்லாம் நெரிசல். நான்கு வருடம் முன்பு புதிதாக வாங்கிய காரில்தான் தினமும் போய் வருகிறேன். அதற்கு இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி இருக்கிறது. நல்ல காரை இப்படித் தினமும் நெரிசலில் போட்டு அடிக்க மனசு வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் தன் 14 வருடப் பழைய காரை விற்கிறார். என் கார் இன்று 100-க்குப் போகும் என்றால், அவர் கேட்பது 15. அதை அலுவலகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, என் காரைக் குடும்பத்தோடு வெளியே போக மட்டும் எடுக்கலாம் என்று பார்க்கிறேன். பணம் மிச்சமாகுமா?

பதில்: நீங்கள் சொல்லும் முறையில் மிச்சமாகாது. அதே பழைய காரை வேறு மாதிரி வைத்துக்கொண்டால் நல்ல தொகை மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

கார் வைத்திருப்பதில் பெரிய செலவு எது என்று கேட்டால் பெரும்பாலானோர் பெட்ரோல் என்பார்கள். புதிய காரைப் பொறுத்தவரை பல சமயம் அதைவிடப் பெரியது மதிப்புத் தேய்மானம். யாரும் பில் அனுப்புவதில்லை, வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் போவதும் இல்லை. அதனால் கண்ணில் படாது. விற்கப் போகும் அன்றுதான் மொத்தமாகத் தெரியும். முதல் சில ஆண்டுகளில் இந்தச் சரிவு செங்குத்தாக இருக்கும், அப்புறம் மெல்ல மெல்லத் தணியும். 14 வயதான கார் சரிய வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கனவே சரிந்துவிட்டது. அந்தப் பணத்தை முந்தைய சொந்தக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். பழைய காரில் லாபம் என்று ஒன்று இருந்தால், அது முக்கியமாக இங்கிருந்துதான் வருகிறது.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். நல்ல காரை விற்கப் போவதில்லை, வீட்டில் நிறுத்தப் போகிறீர்கள். நிறுத்தி வைத்தால் தேய்மானம் நின்றுவிடுமா? நிற்காது. கார் வாங்க வருபவர் முதலில் கேட்பது எந்த வருட மாடல் என்றுதான், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இரண்டாவது கேள்வி. வயது கூடக்கூட விலை இறங்கியே தீரும். சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்: இத்தனை கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது, என்று இருக்கும். எஞ்சின் ஆயில் நின்றாலும் பழசாகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வாரம் முழுக்க நின்ற பேட்டரி சீக்கிரம் சோரும். ரப்பர் காயும். பிரேக் தட்டில் துரு படியும். காரை நிறுத்துவதால் மிஞ்சுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

உங்கள் காரின் மதிப்பு 100 என்ற அளவிலேயே போவோம். இவை நான் எடுத்துக்கொண்ட தோராய எண்கள், உங்கள் சொந்த எண்களைப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 22 என்றால் போக வர 44 கிலோமீட்டர். வருடத்தில் 230 வேலை நாள் என்று வைத்தால் சுமார் 10,000 கிலோமீட்டர் ஆகிறது. குடும்பப் பயணம் 5,000. மொத்தம் 15,000 ஓடும்போது உங்கள் கார் வருடத்துக்கு 12 இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 மட்டும் ஓடினால் 9 இழக்கலாம். அதில் 3 மிச்சம். டயர், பிரேக் தேய்மானத்தில் இன்னொரு ஒன்றரை. ஆக, நல்ல காரை வீட்டில் விடுவதால் கிடைப்பது வருடத்துக்கு நாலரை.

பழைய கார் கேட்பது என்ன? அதன் மதிப்பில் வருடம் 2 குறையும். காப்பீடும் வரியும் சேர்த்து ஒரு 2. ரிப்பேருக்கும் சர்வீசுக்கும் 5 என்பது மிகைப்படுத்தாத மதிப்பீடு. கூட்டினால் 9. நாலரை மிச்சம் பிடிக்க 9 செலவு! இன்னும் பெட்ரோலைச் சேர்க்கவில்லை. நெரிசலில் உங்கள் கார் லிட்டருக்கு 18-ம் பழைய கார் 12-ம் கொடுத்தால், 10,000 கிலோமீட்டருக்கு முறையே 556 லிட்டர், 833 லிட்டர். வருடத்துக்கு 277 லிட்டர் கூடுதல். உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது வண்டியை நிறுத்த வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் அதுவும் இதன் தலையில். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான் இந்தத் திட்டம்.

சரி, வேறு மாதிரி என்று சொன்னேனே, அது இது: பழைய கார் உங்கள் காருக்குத் துணையாக வராமல், அதன் இடத்துக்கே வர வேண்டும். நல்ல காரை விற்றுவிட்டு, 15,000 கிலோமீட்டரையும் பழையதிலேயே ஓட்டினால் என்ன ஆகும்? வருடம் 12 தேய்ந்தது 2 ஆகிறது, 10 மிச்சம். முழுக் காப்பீட்டுக்கு 4 கட்டியிருந்தால் அது 2 ஆகலாம், இன்னொரு 2 மிச்சம். ரிப்பேர், சர்வீஸ் 2-லிருந்து 6-க்கு ஏறும், அங்கே 4 போகும். கடைசியில் வருடத்துக்கு 8 கையில். அதிலிருந்து கூடுதல் பெட்ரோல் 417 லிட்டருக்கான பணத்தைக் கழிக்க வேண்டும். ஆனால் காரை விற்ற பணத்தில் கடன் அடைந்துவிடுகிறது. மீதி இரண்டு வருடத்துக்குக் கட்ட இருந்த வட்டி நின்றுபோகிறது. முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி கட்டணம் கேட்கும் என்றால் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய காரின் விலையும் கடன் பாக்கியும் போக மிஞ்சும் தொகை, வங்கியில் போட்டு வைத்தால்கூட உங்களுக்காகச் சம்பாதிக்கும். காரில் முடங்கிக் கிடந்தால் கரைவதுதான் அதன் வேலை.

இப்படி மாற்ற எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. குழந்தைகளோடு தொலைதூரம் போகும்போது கிடைக்கும் நிம்மதிக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதை நான் கணக்கில் பூஜ்யமாக எழுத மாட்டேன். ஆனால் அந்த நிம்மதிக்காக வைத்துக்கொள்கிறீர்கள் என்றால், அதே காரில் அலுவலகமும் போங்கள். ஓட்டுவதற்காகத்தானே வாங்கினோம்! ஒரே வழியில் போகும் சக ஊழியர் ஒருவரோடு செலவைப் பங்கிட்டுக்கொண்டால், இரண்டாவது கார் தரவே முடியாத மிச்சம் அதில் வரும்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால், பழைய கார் வாங்குவதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன 6 என்ற ரிப்பேர் எண் 12 ஆவதும் 4 ஆவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

ஒருவர் தன் பழைய காரை எப்போது விற்கிறார்? பெரிய செலவு வரும் நேரத்தில்தான் பலரும் விற்கிறார்கள். டயர் தேய்ந்திருக்கும், கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருக்கும், டைமிங் பெல்ட் (எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்கச் செய்யும் பட்டை) மாற்றும் கெடு நெருங்கியிருக்கும். அதனால் கையில் இருப்பதையெல்லாம் கார் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். இந்தக் காருக்கென்று ஒதுக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் சில மாதங்களுக்கு உங்களிடமே இருக்கட்டும். உங்கள் நண்பரிடம் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேளுங்கள், பில் இருந்தால் வாங்கிப் பாருங்கள். பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும் எஞ்சின் என்றால் இந்தக் கவலை குறைவு. பெல்ட் ஓடும்போது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வில் மோதி, எஞ்சினே போய்விடும். மாற்றிய ஆதாரம் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள், நண்பராக இருந்தாலும் சரி. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறதோ என்று சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கம் பாருங்கள், பால் கலந்தது போல் பழுப்பாக ஒட்டியிருந்தால் மெக்கானிக் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மேல்பட்டை நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடம் கடந்த டயரில் ஓட்டக் கூடாது. ஓடாத கார்களில் இப்படி, பார்க்கப் புதுசாகவும் உள்ளே காய்ந்தும் இருக்கும் டயர்கள் நிறைய உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கணக்குப் பார்க்க மாட்டேன், நீங்களும் பார்க்கக் கூடாது. ஏர்பேக்கும், திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் இல்லாத காரில் தினமும் 44 கிலோமீட்டர் போய் மிச்சம் பிடிக்கும் பணம் எனக்குப் பணமாகவே தெரியவில்லை. இருப்பதாகச் சொன்னாலும் சோதியுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம், கோளாறை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். அப்புறம், தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம். அதன் சில வகை ஏர்பேக்குகளில் இருந்த வேதிப்பொருள், வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்திருக்கிறது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன, பல கம்பெனிகளின் மாடல்கள் அதில் அடக்கம். 14 வருடக் கார் அந்தக் காலத்தில் வரக்கூடியது. சேஸிஸ் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டால் உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சொல்வார்கள். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். முந்தைய சொந்தக்காரர் அழைப்பு வந்தும் போகாமல் விட்டிருக்கலாம்.

மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பழைய கார்களுக்கு நடுவே தேர்வு என்றால், லிட்டருக்கு 10 கொடுப்பதற்கும் 14 கொடுப்பதற்கும் 10,000 கிலோமீட்டரில் 286 லிட்டர் வித்தியாசம். 18-க்கும் 22-க்கும் வெறும் 101 லிட்டர்தான். இரண்டிலும் இடைவெளி 4 தான், ஆனால் மட்டமான மைலேஜ் பக்கத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதிகம் கடிக்கும். கொஞ்சம் விலை கூட இருந்தாலும் நல்ல மைலேஜ் காரையே எடுங்கள்.

வாங்கிய பிறகு ஒன்று கட்டாயம் செய்யுங்கள். இப்போது மாதாமாதம் தவணை கட்டிப் பழகியிருக்கிறீர்கள். கடன் அடைந்த அடுத்த மாதமே அந்தத் தவணையில் மூன்றில் ஒரு பங்கு, ரிப்பேருக்கென்று தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். பழைய காரில் செலவு மாதம் பிரித்து வராது. ஏழு மாதம் ஒன்றும் இருக்காது, எட்டாவது மாதம் கிளட்சும் ரேடியேட்டரும் சேர்ந்து வரும். அன்றைக்குக் கையில் இல்லையென்றால் கிரெடிட் கார்டில் போவீர்கள். அந்த வட்டி ஒரு வருட மிச்சத்தையும் தின்றுவிடும். பழைய காரால் நொடித்துப்போனேன் என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு வந்த ரிப்பேர் அப்படியொன்றும் பெரிதில்லை. ரிப்பேருக்கென்று பணம் இல்லாததுதான் பெரிதாகிவிட்டது.

காப்பீட்டில், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பைத் தொடவே கூடாது. உங்கள் காரால் இன்னொருவருக்கு நேரும் பாதிப்பின் தொகை, கார் பழசு என்பதால் குறையப் போவதில்லை. சொந்தச் சேதத்துக்கான பகுதியை மட்டும், காரே போனாலும் தாங்க முடியும் என்றால் விடலாம்.

எப்போது கைவிடுவது என்றும் கேட்பீர்கள். ரிப்பேர் செலவு கார் மதிப்பில் பாதியைத் தாண்டினால் தள்ளிவிடு என்று ஊரில் ஒரு கணக்குச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 12 மதிப்புள்ள காருக்கு 6 செலவழித்து இன்னும் ஒரு வருடம் ஓடும் என்றால், நீங்கள் விற்ற காரைப் போன்ற ஒன்று ஒரு வருடத்தில் இழக்கும் 12-ல் அது பாதிதான். ஒப்பிட வேண்டியது மாற்று வழியின் ஒரு வருடச் செலவோடு. அதே சமயம், போன மாதம்தானே இவ்வளவு செலவழித்தோம் என்பதற்காக இன்னொரு செலவைச் செய்யவும் கூடாது, போனது போனதுதான். அடிச்சட்டத்தில் துரு ஏறிவிட்டால், கியர்பாக்ஸ் போய்விட்டால், ஒரே வருடத்தில் மூன்று முறை வழியில் நின்று உங்கள் வேலைக்கே சங்கடம் வந்தால், நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே மூன்று எண்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: உங்கள் கார் இன்று உண்மையில் என்ன விலைக்குப் போகும், கடனை முழுதாக அடைக்க வங்கி எவ்வளவு கேட்கிறது, அந்தப் பழைய காருக்குக் காப்பீடு எவ்வளவு. முதல் எண் இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால், அவசரப்பட்டு விற்க வேண்டாம். தவணையைத் தொடர்ந்து கட்டி முடியுங்கள். நண்பரின் கார் வேறு யாருக்காவது போகட்டும்.