ஆராய்ச்சியில் செயற்கை நுண்ணறிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலோர மீனவர்களின் தொழிற்சொற்களைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உடன் ஆய்வு செய்வோர், முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இயலைச் சாட்ஜிபிடியின் துணையோடு விரைவில் முடித்துவிடுகிறார்கள். இந்நிலையில், கரைமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுப்பவர்களிடம் நாள்கணக்கில் பேசிக் குறிப்பெடுப்பதில் இனிப் பயன் உண்டா?
– வாசகி ஒருவர், குளச்சல்

பதில்: முன்பைவிடக் கூடுதல் பயன் உண்டு என்றே உறுதியாக நம்புகிறேன். புரதங்களின் முப்பரிமாண வடிவைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஆல்ஃபாஃபோல்டு, 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்குக் கணிப்புகளைத் தந்துள்ளது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்ப்பரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றனர். ஆனால், 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பாடுபட்டுக் கண்டறிந்து சேர்த்துவைத்த வடிவங்களைக் கொண்டுதான் அந்தக் கருவி பயின்றது. அந்தச் சேமிப்பு இல்லையேல் அந்த வெற்றியும் இல்லை.

குளச்சல் கரையில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பெரியவர்கள் வழங்கும் சொற்களில் அச்சேறாதவை இருக்குமானால், அவற்றைச் சேர்க்க வேண்டியவர் நீங்கள்தான். அவற்றைப் பற்றிச் சாட்ஜிபிடி போன்ற கருவியிடம் கேட்டால், தெரியாது என்று சொல்லாமல் பொருத்தமாகத் தோன்றும் விளக்கமொன்றைப் புனைந்து தந்துவிடக்கூடும். மேற்கோள்களிலும் இதே ஆபத்து உண்டு: ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் சரியாகத் தோன்றும், அப்படியொரு கட்டுரையே வெளிவந்திருக்காது. மூலத்தை எடுத்துப் படிக்காமல் எதையும் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

ஒலிப்பதிவை எழுத்தாக்க இக்கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எனினும், பெரும்பாலும் பொதுத் தமிழில் பயின்ற கருவி, வட்டார வழக்கைத் தனக்குப் பழக்கமான சொல்லாக மாற்றி எழுதிவிடும். நீங்கள் தேடிச் சென்ற சொல் அந்த இடத்திலேயே தொலைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு வரியையும் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பேசியவரின் இசைவின்றி அவர் குரலை வெளி நிறுவனத்தின் கருவியில் ஏற்றவும் வேண்டாம். மீன் கூடும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்பது அவருக்குப் பிழைப்பு. உங்களை நம்பி அவர் சொன்னது.

கேள்வி: கட்டுரையில் செயற்கை நுண்ணறிவை இணையாசிரியராகக் குறிப்பிடலாமா?
– வாசகர் ஒருவர், தக்கலை

பதில்: கூடாது. எழுதியதற்குப் பொறுப்பேற்கக்கூடியவரே ஆசிரியராக முடியும். ‘நேச்சர்’ இதழ் 2023 ஜனவரியிலேயே இதை விதியாக அறிவித்துவிட்டது. எந்தப் பணிக்கு எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.