1780 புள்ளலூர் போரில் ஆங்கிலேயப் படை ஏன் தோற்றது?

எதிர்த்து நின்ற மைசூர்ப் படை ஏவிய ராக்கெட்டுகளால்தான் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. என் பார்வையில் முதல் காரணம், ஆங்கிலேயப் படை இரண்டாகப் பிரிந்து கிடந்ததுதான். குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லி, காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டும். இடையில் ஒரு நாள் நடைத் தூரம்கூட இல்லை. ஆனாலும் மன்றோ முழுப்படையோடு நகராமல், ஒரு பிரிவை மட்டும் உதவிக்கு அனுப்பினார். அதற்குள் திப்பு வழிமறிக்க, அவருடைய தந்தையும் மைசூர் ஆட்சியாளருமான ஹைதர் அலியும் வந்து சூழ்ந்துகொண்டார். செப்டம்பர் 10 அன்று பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அப்புறம் அந்தப் படை மீளவே முடியவில்லை. சிறைபிடிக்கப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இறந்தார். மன்றோவோ தன் கனரக பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.