குங்கிலியம்: வாங்குவது முதல் வெண்ணெய் கடைவது வரை

கேள்வி: ஐயா, குங்கிலியம் கடைக்குக் கடை வேறு நிறத்தில் இருக்கிறதே, எதை வாங்குவது?

பதில்: மருந்துக்குச் சால மரத்துப் பிசின் கேளுங்கள். ஒடிசா, ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துக் காட்டு மரம் அது. வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் வேறு மரங்கள். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. கருப்பு பெரும்பாலும் தூபத்துக்குப் போகிறது. இவற்றின் பெயரில் பைன் மர ரோசினையும் தள்ளிவிடுகிறார்கள். கண்ணாடி போல ஒரே சீரான தேன்நிறக் கட்டி, தணலில் போட்டால் டர்பென்டைன் வாடை என்றால் வாங்காதீர்கள். ரோசின் பலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். இரவு முழுவதும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஊறிக் கரைந்தால் அது குங்கிலியமே இல்லை, ஏதோ ஒரு கோந்து.

கேள்வி: சிறு புண்ணுக்கும் பித்தவெடிப்புக்கும் பூசும் களிம்பான குங்கிலிய வெண்ணெய் வீட்டில் செய்ய அளவு சொல்லுங்கள்.

பதில்: குங்கிலியம் 50 கிராம், நல்லெண்ணெய் 200 மி.லி. பட்டை, மண் பொறுக்கிவிட்டு இடித்துத் துணியில் சலியுங்கள். எண்ணெய் பாதிக்கு மேல் நிரம்பாத பெரிய பாத்திரத்தில் அதைச் சிறுதீயில் சூடாக்கி, தூளைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடியில் உருண்டு பிடித்துக் கருகும். ஈரம் இருந்தால் பொங்கும். புகை கிளம்பும் வரை விடக்கூடாது, பிசினும் எண்ணெயும் தீப்பற்றும். முழுதும் கரைந்ததும் இறக்கி, சூடு இருக்கும்போதே இரட்டைத் துணியில் வடியுங்கள். ஆறினால் துணியிலேயே இறுகிவிடும்.

வடித்ததைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கொதித்து ஆறிய நீர் உள்ள அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் கடையுங்கள். நீரை வடித்துப் புதுநீர் விட்டு மறுபடி கடைய வேண்டும். மஞ்சள் போய் வெளுத்து, வெண்ணெய் போலத் திரளும் வரை இதுதான் வேலை. பழைய முறையில் நூறு முறை கழுவச் சொல்கிறார்கள். இங்கே பொறுமை குறைந்தால் மருந்தும் குறையும்.

கேள்வி: எனக்கு மணல் மணலாக வந்தது, எண்ணெயும் பிரிந்து நிற்கிறது.

பதில்: மணல் என்றால் பிசின் முழுதும் கரையவில்லை, அல்லது சரியாக வடிக்கவில்லை. எண்ணெய் பிரிந்தால் கடைந்தது போதவில்லை. குளிர்ந்த நீர் மாற்றித் தொடருங்கள். நீரைச் சுத்தமாக ஒட்ட வடித்துக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: தீக்காயத்தில் உடனே தடவலாமா?

பதில்: கூடாது. முதலில் ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சுட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை பூசினால் வெப்பம் உள்ளேயே நிற்கும். சூடு முழுதும் தணிந்தபின், தோல் உரியாத சிறு புண்ணுக்கும் பித்தவெடிப்புக்கும் மெல்லிய பூச்சாகப் போடலாம். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒருநாள் பாருங்கள். கொப்புளம் பெரிதானாலோ, முகம், கை, மறைவிடம் சுட்டாலோ மருத்துவமனைதான்.

கேள்வி: அம்மாவுக்கு வெள்ளைப்படுதல். குங்கிலிய பற்பம் (உள்ளுக்குக் கொடுக்கும் சித்த மருந்துப் பொடி) நானே செய்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு இளநீர் சேர்த்துச் செய்யும் சுத்திமுறை இருக்கிறது. பதிவுபெற்ற சித்த மருத்துவர் பார்த்து அளவும் அனுபானமும் (எதில் கலந்து சாப்பிடுவது என்பதும்) சொல்லட்டும். மாதவிடாய் நின்றவர் என்றால் காரணத்தை முதலில் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் தூபம் போடலாமா?

பதில்: போடலாம். திருக்கடவூரில் குங்கிலியக் கலய நாயனார் செய்த தொண்டே இதுதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவரும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் வேண்டாம். மற்றவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து, தணலில் கடலை அளவு போட்டால் போதும்.