வெளிநாட்டில் வசித்தபோது, இறந்தோரை நினைவுகூரும் நாளை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள்?

2023ஆம் ஆண்டு வேலை நிமித்தமாக ஜப்பானின் கியோட்டோ நகரில் இருந்தேன். அவ்வாண்டு ஆடியில் இரண்டு அமாவாசைகள் வந்தன. ஆகஸ்டு 16 அன்று வந்த இரண்டாவதையே மதுரையில் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசையாகக் கொண்டார்கள். ஜப்பானியர் முன்னோரை வீட்டுக்கு அழைத்து உபசரிக்கும் ஓபோன் பண்டிகை முடிந்து, அவர்களை வழியனுப்பும் நாளும் அதுவே.

அப்பா இறந்தபின் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும், காசிக்கு எடுத்துச் சென்ற அஸ்தி பூவாக மாறியதாகச் சொல்லப்படும் திருப்புவனத்து வைகைக் கரையில், நானும் தம்பியும் எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். அந்த முறை தம்பி மட்டும் சென்றான். நான் காலையிலேயே சமைத்து, எள் கலந்த சோற்றைப் பால்கனியில் வைத்தேன். கருப்பு எள் அங்கே எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், காக்கைதான் சிக்கல். குப்பைப் பைகளைக் காக்கை கிழித்துவிடும் என்று வலைபோட்டு மூடிவைக்கும் ஊரில், 'கா கா' என்று கூவி அழைப்பவனைப் பக்கத்து வீட்டு மூதாட்டி எப்படிப் பார்த்திருப்பார்! அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டதால் சோற்றை உள்ளே எடுத்துக்கொண்டேன்.

ஆனால், காரணத்தைச் சொன்னதும் அவரே என்னைத் தாய்மோன்ஜி மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இறந்தோர் பெயரை மெல்லிய விறகுக் குச்சியில் எழுதிக் கொடுத்தால், இரவில் மலைமேல் மூட்டும் நெருப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரவு 8 மணிக்கு, காமோ ஆற்றங்கரையில் கூட்டத்தோடு நின்றிருந்தபோது, மலைச்சரிவில் 75 இடங்களில் அடுக்கிய விறகு பற்றிக்கொண்டு, 'பெரிய' என்று பொருள்படும் எழுத்தாக எரிந்தது. அதன் நீண்ட கோடு மட்டும் 160 மீட்டர். அடுத்தடுத்து மற்ற நான்கு மலைகளிலும் நெருப்பு தெரிந்ததாம்; நான் நின்ற இடத்திலிருந்து எல்லாமே கண்ணுக்குப் படவில்லை. சுற்றிலும் சிலர் கைகூப்பி நின்றார்கள்.

ஆடி அமாவாசையில் புறப்படும் முன்னோர் மகாளய அமாவாசையில் வந்துசேர்ந்து, தை அமாவாசையில் திரும்புவதாக எங்கள் வீட்டில் நம்புகிறார்கள். அப்போது மதுரையில் மாலை நாலரை. தொலைபேசியில் விவரத்தைக் கேட்ட அம்மா, "இன்னிக்குத்தானப்பா நம்ம ஆளுக கெளம்புறாக, அதுக்குள்ள அங்க வழியனுப்பிட்டாகளா?" என்றார். குச்சியில் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்ததை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.