கடிகாரம் காட்டும் தூரத்தை எவ்வளவு நம்பலாம்? – நுகர்வோர் கேள்வி பதில்

கேள்வி: சென்னையில் ஓர் அரை மாரத்தானைச் சரியாக இரண்டு மணி நேரத்தில் ஓடி முடித்தேன். அமைப்பாளர்கள் பாதையின் நீளம் 21.1 கிலோமீட்டர் என்கிறார்கள். என் ஜிபிஎஸ் கடிகாரம் 21.4 காட்டுகிறது. விலை கொடுத்து வாங்கிய கடிகாரம் இது. குறை பாதையிலா, கடிகாரத்திலா? கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக மாற்றித் தரச் சொல்ல முடியாது. 300 மீட்டர் என்பது ஏறத்தாழ ஒன்றரை சதவீத வித்தியாசம். நன்றாக வேலை செய்யும் கடிகாரத்திலும் இது வரும்.

முறையான சான்று பெற்ற பந்தயப் பாதையை ஜிபிஎஸ் கொண்டு அளப்பதில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்து வைத்த ஒரு நேர்த்துண்டில் அந்தச் சைக்கிளைப் பலமுறை ஓட்டிக் கணக்கைச் சரிபார்த்த பிறகே பாதையில் இறங்குவார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் மட்டும் தள்ளி, ஓடுவதற்குச் சாத்தியமான மிகக் குறுகிய வழியையே அளப்பார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். அரை மாரத்தானில் அதுவே 21 மீட்டர் ஆகிறது.

அந்தக் குறுகிய வழியில் நீங்கள் ஓடியிருக்க வாய்ப்பில்லை. முன்னால் செல்பவர்களை விலகிக் கடந்திருப்பீர்கள், தண்ணீர் மேசைக்காக ஓரம் போயிருப்பீர்கள், வளைவுகளில் வெளிப்பக்கமாகத் திரும்பியிருப்பீர்கள். ஆகவே உபரியாகத் தெரியும் மீட்டர்களில் ஒரு பகுதி உங்கள் கால்கள் உண்மையாகவே ஓடியது. மிச்சம்தான் கடிகாரத்தின் பிழை. பந்தயத்தில் கடிகாரம் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதுதான் வழக்கம். ஓடிய பலருடைய கடிகாரங்களும் 21.1-க்குக் குறைவாகக் காட்டியிருந்தால் பாதையைச் சந்தேகிக்கலாம். அப்போது அளவீட்டுச் சான்று உண்டா என்று அமைப்பாளர்களிடம் கேட்பது உங்கள் உரிமை.

இதில் உண்மையான இழப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது. 21.1 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி போதும் என்று கணக்கிட்டு, கடிகாரத் திரையில் அந்த வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுபவர், கடிகாரம் 21.4 காட்டும் நாளில் எல்லைக்கோட்டை இரண்டு மணி ஒரு நிமிடம் 37 விநாடியில்தான் தொடுவார். பல மாதப் பயிற்சியின் இலக்கு அந்த ஒன்றரை நிமிடச் சொச்சத்தில் கைநழுவிப் போவது வேதனையானது. பந்தய நாளில், ஒவ்வொரு கிலோமீட்டரையும் கடிகாரம் தானாகவே ஒரு சுற்றாகப் பதியும் வசதியை அணைத்துவிட்டு, பாதையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் சுற்றுப் பதியும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் உயரமான கட்டடங்களுக்கு நடுவே தினமும் ஓடுகிறேன். இரட்டை அலைவரிசை உள்ள கடிகாரத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். அது தேவையா?

பதில்: உங்கள் இடத்துக்குத் தேவை என்றே சொல்வேன். கடற்கரையோரமாகவோ ஏரிக்கரையிலோ ஓடுபவருக்கு அந்தப் பணம் வீண்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களிலிருந்து சமிக்ஞை வந்து சேரும் நேரத்தைக் கொண்டுதான் கடிகாரம் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. திறந்த வானத்தின் கீழ் பிழை ஏறத்தாழ 5 மீட்டருக்குள் அடங்கும். கண்ணாடிச் சுவர்க் கட்டடங்களுக்கு இடையிலோ, மேம்பாலத்தின் அடியிலோ, சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியாக வந்து சேர்கிறது. சமிக்ஞை ஒரு நானோவிநாடியில் 30 சென்டிமீட்டர் செல்வதால், சுற்றுவழியில் 30 மீட்டர் கூடினால் தாமதம் 100 நானோவிநாடிதான். நீங்கள் எதிர்ச்சாரிக் கட்டடத்துக்குள் ஓடியதாகக் கடிகாரம் வரைவதற்கு அதுவே போதும். பழைய எல்1 அலைவரிசையுடன் (1575.42 மெகாஹெர்ட்ஸ்) எல்5 அலைவரிசையையும் (1176.45 மெகாஹெர்ட்ஸ்) வாங்கும் சிப், நேராக வந்த சமிக்ஞையையும் பட்டுத் திரும்பியதையும் வெகுவாகப் பிரித்தறிகிறது, எல்5 சமிக்ஞையில் ஏற்றியிருக்கும் குறியீடு பத்து மடங்கு வேகமாக மாறுகிறது என்பதே அதற்குக் காரணம். பிழை முழுவதும் போய்விடாது, ஆனால் குறைவது கண்கூடாகத் தெரியும். பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: பெட்டியில் அச்சிட்டிருக்கும் மிகப் பெரிய மணிக்கணக்கு, பெரும்பாலும் துல்லியம் குறைந்த சிக்கன முறைக்கு உரியது.

'ஐந்து செயற்கைக்கோள் அமைப்புகள்' என்ற விளம்பரத்தை இரட்டை அலைவரிசையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் ஒரே அலைவரிசையில் மட்டும் வாங்கும் கடிகாரங்கள் உண்டு.

வாங்கியதும், திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள், வழக்கமாக ஓடும் சாலையின் ஒரே ஓரத்தில் போகவர ஓடிப் பாருங்கள். மொத்தத் தூரத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஓரிடத்தில் கூடியதும் மற்றோரிடத்தில் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டி, தவறான பதிவிலும் எண் சரியாக வந்துவிடும். செயலியின் வரைபடத்தைப் பெரிதாக்கி, போன கோடும் வந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா, அல்லது கட்டடங்களின் மேல் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் 2,500 ரூபாய்க்கு வாங்கிய கடிகாரத்தின் விளம்பரத்தில் 'ஜிபிஎஸ் வசதி' என்று இருந்தது. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் வரைபடமே வருவதில்லை. விற்பனையாளர் பதில் சொல்ல மறுக்கிறார்.

பதில்: உங்கள் கடிகாரத்தில் ஜிபிஎஸ் சிப் இல்லை, கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கிக் காட்டும் வகை அது. தனியாக ஓடும்போது காலடிகளை எண்ணி, உத்தேச நீளத்தால் பெருக்கித் தூரம் சொல்கிறது. மலிவுக் கடிகாரங்களில் இது பரவலாக இருக்கிறது. வாங்குமுன் 'உள்ளமைந்த ஜிபிஎஸ்' என்ற சொல் விவரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். விளம்பரத்தில் வேறுபாட்டைச் சொல்லாமல் மறைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தவறான விளம்பரம் என்று வாதிட உங்களுக்கு நியாயம் உண்டு.

விற்பனைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி இன்றே படமெடுத்து வையுங்கள், ஏனெனில் அந்த வாசகம் நாளை மாறிவிடக்கூடும். ரசீதையும் விற்பனையாளரின் பதில்களையும் சேர்த்து வைத்து, முதலில் எழுத்துமூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது, காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

கேள்வி: மூன்று ஆண்டுகள் நன்றாக உழைத்த கடிகாரம், இப்போது முதல் கிலோமீட்டரைத் தாறுமாறாகப் பதிகிறது. புதிது வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். செயற்கைக்கோள்கள் அடுத்த சில நாள்களில் எங்கே இருக்கும் என்ற முன்கணிப்புக் கோப்பு, கைப்பேசிச் செயலியுடன் இணையும்போதுதான் கடிகாரத்துக்கு வந்து சேர்கிறது. அது காலாவதியாகியிருந்தால், ஒவ்வொரு செயற்கைக்கோளிடமிருந்தும் அந்த விவரத்தைக் கடிகாரமே வாங்க வேண்டும்; அதற்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். செயலியுடன் இணைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, திறந்த வெளியில் நின்று 'தயார்' என்று காட்டிய பிறகும் ஒரு நிமிடம் பொறுத்து ஓடத் தொடங்குங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தும் சரியாகவில்லை என்றால் மட்டும் சேவை மையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.